கொலு ரயிலும் பின்னால் தொங்கிய படுதாவும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களிடம் சின்ன வயசுக் கொலுவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். படியில் என்னென்ன பொம்மை இருந்தது என்பது பாதிப் பேருக்கு மறந்திருக்கும். படிக்குக் கீழே தரையில் போட்ட 'பார்க்' மட்டும் யாருக்கும் மறக்காது. ஏனென்றால் படி அம்மாவுடையது, பார்க் பிள்ளைகளுடையது.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மணலைக் கொட்டி, நாலைந்து நாள் முன்பே கடுகும் கேழ்வரகும் தூவித் தண்ணீர் தெளித்துவிட்டால் நவராத்திரிக்குள் புல்தரை தயார். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து ஓரத்தை மணலால் மறைத்தால் குளம். பழைய கோணியை மைதாப் பசையில் தோய்த்து, கவிழ்த்த பாத்திரங்களின் மேல் போர்த்திக் காயவிட்டால் மலை. மலையில் ஓர் ஓட்டை விட்டால் குகை. குகை என்று வந்துவிட்டால் ரயில் வேண்டும். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில், பிறகு பேட்டரி ரயில். பின்னால் சுவர் தெரியக் கூடாதே என்று ஒரு நீலப் புடவை, அல்லது பனிமலை படம் போட்ட பழைய காலண்டர்.

இதையே வெளிநாட்டில் பெரியவர்கள் வருடக்கணக்காகச் செய்கிறார்கள், அதற்குப் புத்தகங்கள், அருங்காட்சியகங்கள் எல்லாம் இருக்கின்றன என்று எனக்குக் கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரியும். மாதிரி ரயில் அமைப்பது அங்கே ஒரு முழுநேரப் பைத்தியம். அதில் பாதி வேலை ரயில் இல்லை. ரயிலைச் சுற்றியுள்ள ஊர், மலை, மரம், பின்னால் இருக்கும் வானம். அந்தப் பாதியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ரயில் மட்டும்தான் இருந்தது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ல் லைப்சிக் சந்தையில், மேலும் மேலும் தண்டவாளம் வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் விதமாக ரயில் பொம்மையைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920ல் தன் ரயில்களை விற்க ஆரம்பித்தார். அவையெல்லாம் வீட்டுக் கம்பளத்தின் மேல் ஓடியவை. கூட ஒரு தகர ஸ்டேஷன், ஒரு தகரக் குகை, அவ்வளவுதான். நாற்காலிக் கால்களுக்கு நடுவே எக்ஸ்பிரஸ் போகும். அதைப் பார்த்து யாரும் வருத்தப்படவில்லை.

1930களில் லண்டனில் ஜான் ஏஹர்ன் என்பவர் வேறு மாதிரி யோசித்தார். ரயிலை வைத்துவிட்டு இடத்தைத் தேடாமல், முதலில் ஓர் இடத்தைப் படைத்து அதில் ரயிலை விடுவது. 'மேடர் வேலி' என்று ஒரு கற்பனைப் பள்ளத்தாக்கு. அதில் துறைமுகம், சந்து, கடை, மதுக்கடை, சர்ச். ரயில் அந்த ஊரைப் பார்க்க வரும் விருந்தாளி மாதிரி மெதுவாக வந்து போகும். கட்டடம் செய்வதைப் பற்றியும் நிலக்காட்சி செய்வதைப் பற்றியும் அவர் எழுதிய புத்தகங்கள் 1947லும் 1951லும் வந்தன. பின்னால் வந்தவர்களுக்கு அவைதான் பாடப் புத்தகம்.

அவர்கள் பயன்படுத்திய பொருட்களைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புல்லுக்கு என்ன? சாயம் போட்ட மரத்தூள். மலைக்கு? கம்பிவலையின் மேல் பிளாஸ்டரில் நனைத்த துணி. நம் வீட்டில் கோலப்பொடி கலந்த மரத்தூள், மைதாவில் தோய்த்த கோணி. யாரும் யாரிடமும் கற்றுக்கொண்டிருக்க முடியாது. கையில் காசு இல்லாமல் மலை செய்ய உட்கார்ந்தால் எந்த ஊரிலும் மனுஷனுக்கு இதுதான் தோன்றும் போலிருக்கிறது. (முளைவிட்ட கடுகு மட்டும் நம்முடைய தனிச் சொத்து. ஆனால் ஏழாம் நாள் அது ரயிலை விட உயரமாகி, சாய்ந்து, தண்டவாளத்தில் விழும். அந்தத் தொல்லை வெள்ளைக்காரனுக்கு இல்லை.)

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் மான்டரேயில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். அவர் மலைகள் தரையிலிருந்து கூரை வரை. தூரத்தில் இருக்க வேண்டிய வீட்டைச் சின்ன அளவில் செய்வார், கண்ணாடியை ஒளித்துவைத்து ஒரு தெருவை இரண்டாக்கிக் காட்டுவார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே அந்த வீட்டில் தீப்பிடித்து எல்லாம் போயிற்று. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு, இன்று படங்களில் மட்டும் இருக்கிறது.

இப்போது படுதாவுக்கு வருகிறேன். இதில் நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலேயே மேடைத் திரைகள் மூன்று வகை சொல்லப்படுகின்றன: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. அவற்றில் மலையும் காடும் தீட்டியிருந்தார்களா என்பது வேறு கேள்வி. இடத்தைக் காட்டும் தீட்டிய படுதா நமக்குப் பரவலாக வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஊர் ஊராகச் சுற்றிய பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாக. மார்க்லின் தண்டவாளம் விற்ற அதே 1891ல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார் என்பது சும்மா ஒரு பொருத்தம்.

அதற்குப் பிறகு தமிழ் நாடகக் கம்பெனிகளுக்குப் படுதாதான் மூலதனம். தெருப் படுதா, காட்டுப் படுதா, தர்பார் படுதா என்று மூங்கிலில் சுருட்டி ஊர் ஊராகத் தூக்கிப் போனார்கள். கன்னையா கம்பெனியின் தசாவதாரமும், பிறகு நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியின் நாடகங்களும் நடிப்புக்கு எவ்வளவோ அவ்வளவு காட்சி அமைப்புக்கும் பேர் வாங்கியவை. ஆர்.எஸ். மனோகர் அந்த வழியைத் தன் காலத்திலும் விடாமல் வைத்திருந்தார்.

படுதா தீட்டியவர்களில் ஒருவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர், பிறகு நாடகக் கம்பெனிக்குக் காட்சி எழுதப் போனவர். கோவில்பட்டியில் கம்பெனி கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகித் தமிழ்நாடு முழுக்கப் போயின. அந்தச் சாமிகளுக்குப் பின்னால் பாருங்கள்: நீல மலை, அருவி, தாமரைக் குளம், தூரத்தில் ஒரு கோபுரம். நாடகப் படுதாவேதான், சுருங்கிச் சுவருக்கு வந்துவிட்டது. அதைக் கிழித்துத்தான் நாம் கொலு பார்க்குக்குப் பின்னால் ஒட்டினோம்! ஆக, நம் ரயிலுக்குப் பின்னால் இருந்தது மிச்சமான ஒரு காகிதம் இல்லை, ஒரு நாடக மரபின் கடைசித் துண்டு.

படுதா எழுதியவர்களுக்குத் தெரிந்த ரகசியங்களும் ரயில்காரர்களின் ரகசியங்களும் ஒன்றுதான். வானம் மேலே அடர்த்தி, கீழே வெளிறல். தூரத்து மலைக்குப் பச்சை போடக் கூடாது, சாம்பல் கலந்த நீலம். படுதா மூலையில் மடிந்தால் வானம் உடைந்துவிடும், அதனால் வளைத்துக் கட்ட வேண்டும். ரயில் பின்திரைக்குள் நுழையும் ஓட்டையை ஒரு பாலமோ மரக்கூட்டமோ வைத்து மறைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், படம் 'என்னைப் பார்' என்று சொல்லக் கூடாது. நம் காலண்டர்கள் இந்தக் கடைசி விதியில் மட்டும் தோற்றுப்போகும்.

இந்தியாவில் இந்தக் கலைக்கென்றே ஓர் இடம் புனேயில் இருக்கிறது. பாவ்சாகேப் ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததும் செய்ததும் 1998ல் சிறு ரயில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஒரு முழு நகரம், ரயில், ரோடு எல்லாம் ஒரே மேடையில் ஓடும். போய் வந்தவர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் எனக்கு அதிகம் யோசிக்க வைத்தது இங்கிலாந்தில் பெண்டன் என்ற இடம்.

ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் (பெயரே அப்படித்தான்) 1925ல் ரயில் பைத்தியத்தோடு இங்கிலாந்து வந்தார். கிராமத்தில் தங்கியபோது, நூற்றாண்டுகளாக நின்ற வைக்கோல் கூரை வீடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூரை மாற்றுவதையும் இடிப்பதையும் பார்த்தார். தடுக்க அவரால் முடியாது. அதனால் அளந்தார். வீடு வீடாகப் போய்ச் சுவர், சன்னல், தோட்டத்துச் செடி வரை குறித்துவைத்து, 1 அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கில் அட்டையில் செய்யத் தொடங்கினார். 1954ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில், ஒரு பள்ளத்தாக்கு 1920களிலும் 30களிலும் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது. ஏஹர்னின் மேடர் வேலியும் இப்போது அங்கேதான் இருக்கிறது. ரயில் அங்கே ஒரு சாக்கு.

இதைப் படித்த அன்று எனக்கு நெய்வேலி ஞாபகம்தான் வந்தது.

நம் ஊர் பார்க்கில் மலை இருக்கும், குகை இருக்கும், பஞ்சு வைத்த பனி இருக்கும். நெய்வேலியில் மலை எங்கே இருக்கிறது? கடலூர்–விருத்தாசலம் பாதையில் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று போகிறீர்கள், ஒரு குகை கூடக் கிடையாது. உண்மையான நிலம் செம்மண், முந்திரித் தோப்பு, பலா மரம். கண்ணுக்குத் தெரியும் ஒரே மலை, சுரங்கத்துக்காகத் தோண்டிக் கொட்டிய மேல்மண். ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண்தான் நம் அடிவானம். அதன் மேல் மரம் நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் ரயிலாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை, நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில்தான் மின் நிலையத்துக்குப் போகிறது.

சொல்லப்போனால் டவுன்ஷிப்பே ஒரு லேஅவுட்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டும்போது கருப்பாக ஏதோ வந்தது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது, 1957 மே 20ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962ல் மின்சாரம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பிளாக்குகள், ஒரே மாதிரி வீடுகள், வரிசையாக நட்ட மரங்கள். மேசையைத் துடைத்துவிட்டுப் புதிதாக அடுக்கியது போல. மேசையில் முன்பு என்ன இருந்தது? கிராமங்கள் இருந்தன. வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தில் காவடி எடுத்துப் போகிறவர்கள் எத்தனை பேர் 'பட்டு' என்று முடியும் அந்தப் பெயரைக் கவனிக்கிறார்கள்? நிலம் எடுப்பது பழைய கதையும் இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம்.

நாட்டுக்கு மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மின்சாரத்தில்தான் நான் படித்தேன். முதல் அனல்மின் நிலையம் 2020ல் ஓய்வு பெறும் வரை அதன் புகைபோக்கிகள் எங்கள் மொட்டைமாடிக்குப் பின்திரை. நான் கேட்பது ஒன்றுதான்: இங்கே யாராவது அளந்து வைத்தார்களா? எந்த வீடு எந்தப் பக்கம் பார்த்தது, குளத்துப் படி எத்தனை, புளியமரம் எங்கே? சர்வே எண் இருக்கும், ஏக்கர் கணக்கு இருக்கும். வீட்டுத் திண்ணை உயரம் இருக்காது. 1957ல் பத்து வயசாக இருந்தவருக்கு இப்போது எண்பதைத் தொட்டிருக்கும்.

குவார்ட்டர்ஸ்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. ஓய்வு பெற்றதும் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் கொலுப் பெட்டியும் அப்படி ஒரு லாரியில் ஏறியது. பண்ருட்டிக் காகிதக்கூழ் பொம்மைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன, கோணி மலையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

போன விடுமுறையில் ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு, சுரங்கத்துக்குப் போன ஒரு கிராமத்தில் பிறந்த தாத்தா ஒருவரைப் பார்க்கப் போனேன். ரயில் பார்க் செய்யப் போகிறேன், உங்கள் ஊரை அதில் வைக்கலாமா என்று கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு நான் பென்சிலில் போட்ட தெருவைப் பார்த்து, "கிணறு அந்தப் பக்கம் இல்ல தம்பி, கோயிலுக்கு வடக்க" என்றார். அழித்துப் போட்டேன். மறுபடி பார்த்தார். பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது ஏழு வீடு முடிந்திருந்தது. எட்டாவது வீட்டுக்கு வாசல் கிழக்கா தெற்கா என்று அவருக்கும் அவர் தங்கைக்கும் போனில் சண்டை நடந்துகொண்டிருந்தது.