ஷெட்டும் கடனும்: கிண்டி முதல் தாம்பரம் வரை சிறுதொழிலுக்கு அரசு தந்த ஆதரவு

சென்னையின் தென்புறப் புறநகர்களான கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகியவற்றின் வரலாற்றை ரயில் பாதையையும் குடியிருப்பு மனைகளையும் மையமாக வைத்து எழுதுவதே வழக்கமாக இருந்துவருகிறது. 1931இல் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், அதைத் தொடர்ந்து நிலையத்துக்கு நிலையம் குடியிருப்புகள் பெருகியதும் அந்த வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. ஆனால் ரயில் பாதையை ஒட்டியே தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் இருமருங்கிலும், சிறுதொழில் செய்வோருக்கு அரசு கைகொடுக்க முயன்ற கதையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவந்திருக்கிறது. அரசு முதலில் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுத்தது. பிறகு கடன் கொடுத்தது. அதன்பின் கட்டிய கூடத்தோடு இடத்தைக் கொடுத்தது. கடைசியாகச் சந்தையையும், விற்ற பொருளுக்கு உரிய பணத்தையும் உறுதிசெய்ய முற்பட்டது. இந்த நான்கில் மிகுந்த பயன் தந்தது இடமே. காலப்போக்கில் சிறுதொழிலுக்குப் பெரும் நெருக்கடியாக மாறியதும் அந்த இடத்தின் விலைதான்.

இந்தக் கதையின் தொடக்கம் தோலில் இருக்கிறது. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், சென்னை கலைத்தொழில் பள்ளியில் முதலில் அலுமினியப் பாத்திரத் தயாரிப்பையும், 1903 முதல் குரோம் முறைத் தோல் பதனிடுதலையும் அரசுச் செலவில் சோதித்துப் பார்த்தார். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் தோலைப் பல வாரங்கள் ஊறவைப்பது தமிழகத்தில் பரம்பரையாக இருந்துவந்த முறை. அதற்கு மாறாகக் குரோமிய உப்புக் கரைசலில் தோலைச் சில நாட்களுக்குள் பதப்படுத்தி எடுப்பதே குரோம் முறை எனப்படும். இவ்வாறு பதனிட்ட தோல் தண்ணீரில் எளிதில் கெடாது என்பதால், கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலையின் தோற்பைக்கு அது ஏற்றது என்று சாட்டர்டன் கருதினார். தொழில்நுட்பம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடாமல் உழவரின் கிணற்றடிவரை சென்று சேர வேண்டும் என்ற நோக்கம் இதில் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் லெதர் தொழிற்சாலையால்தான் அப்பகுதிக்குக் குரோம்பேட்டை என்ற பெயர் வந்தது. ஒரு பதனிடும் முறையே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்ட இடங்கள் தமிழகத்தில் அரிது.

எனினும் அரசே தொழில் நடத்துவதும், தனியார் தொழிலுக்கு முன்னோடியாக நிற்பதும் அன்றைய ஆங்கிலேயப் பொருளாதாரக் கொள்கைக்கு உகந்தவையாக இல்லை. 1908இல் உதகையில் நடந்த தொழில் மாநாட்டுக்குப் பின் சென்னை அரசு தொழில்களுக்கெனத் தனித்துறை அமைக்க முனைந்தபோது, லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910இல் அதை ஏற்க மறுத்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் இறக்குமதி தடைபட்டபோதுதான் உள்நாட்டுத் தொழிலின் அவசியம் ஆட்சியாளர்களுக்கு உறைத்தது. தாமஸ் ஹாலந்து தலைமையில் 1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்தில் சாட்டர்டனும் உறுப்பினராக இடம்பெற்றார். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்துறையை மாகாண அமைச்சர்களின் பொறுப்பில் ஒப்படைத்தது; அதன் விளைவாக 1922ஆம் ஆண்டின் சென்னைத் தொழில்களுக்கான அரசு உதவிச் சட்டம் பிறந்தது. கடன் தருதல், வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் அளித்தல், இயந்திரங்களைத் தவணை முறையில் வழங்குதல் முதலிய உதவிகளுக்குச் சட்ட வடிவம் தந்த முன்னோடி முயற்சி அது. ஆனால் கடனுக்கு ஈடாகச் சொத்தைப் பிணை கேட்ட அந்தச் சட்டம், சொத்துள்ளவருக்கு உதவிய அளவுக்குக் கைத்திறன் மட்டுமே உள்ளவருக்கு உதவவில்லை. ‘பிணை இல்லாதவருக்குக் கடன் எப்படித் தருவது’ என்று அன்று எழுந்த கேள்வி, 2000இல் மத்திய அரசும் சிட்பி என்னும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து பிணையில்லாக் கடனுக்கான உத்தரவாத நிதியத்தை ஏற்படுத்தும் வரையிலும், அதற்குப் பின்னரும் முற்றாகத் தீரவில்லை.

விடுதலைக்குப் பின் இம்முயற்சிகள் வேகம் பெற்றன. தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் தருவதற்காக, மத்திய அரசின் மாநில நிதிக் கழகச் சட்டம் வருவதற்கு இரண்டாண்டு முன்னதாகவே, 1949இல் சென்னை அரசு தொழில் முதலீட்டுக் கழகத்தை அமைத்தது. அதுவே இன்றைய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம். ஃபோர்டு அறக்கட்டளையின் ஏற்பாட்டில் வந்த பன்னாட்டு வல்லுநர் குழு 1954இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, மத்திய அரசு சிறுதொழில் வாரியத்தை நிறுவியது. மின்விசையோடு இயங்கினால் 50 பேருக்கும் குறைவாகவும், மின்விசையின்றி இயங்கினால் 100 பேருக்கும் குறைவாகவும் வேலைசெய்கிற, 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத மூலதனம் கொண்ட தொழிலகமே ‘சிறுதொழில்’ என்று அந்த வாரியம் வரையறுத்தது. தொழில்நுட்ப ஆலோசனை தருவதற்கென டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் வட்டாரச் சிறுதொழில் சேவை நிலையங்கள் அமைந்தன. சென்னை நிலையம் பின்னாளில் நிலைகொண்ட இடம் கிண்டி, ஜி.எஸ்.டி. சாலை. 1955இல் பிறந்த தேசிய சிறுதொழில் கழகம் இயந்திரங்களைத் தவணைக் கொள்முதலில் வழங்கியது. இம்முறையில் தொழில்முனைவோர் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டி இயந்திரத்தைப் பட்டறையில் இறக்கிக்கொள்வார். கடைசித் தவணை தீரும்வரை இயந்திரத்தின் உரிமை கழகத்திடமே இருக்கும். இயந்திரமே பிணையாகிவிடுவதால், 1922ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கி நின்ற இடத்தை இந்த ஏற்பாடு ஓரளவு கடந்தது.

ஆனால் இயந்திரத்தை இறக்க இடம் வேண்டும். அந்த இடத்துக்கு மின்சாரமும் தண்ணீரும் சாலையும் வேண்டும். இதற்கு விடையாக வந்ததே தொழிற்பேட்டை. அரசே நிலம் எடுத்து, சாலை போட்டு, மின்சாரம் இழுத்து, ‘ஷெட்’ என்று தொழில் செய்வோர் அழைக்கும் கூரைக் கூடங்களைக் கட்டி, சிறுதொழில் செய்வோருக்கு ஒதுக்கித் தரும் ஏற்பாடு அது. பிரிட்டனில் 1930களின் மந்தநிலையின்போது வேலையின்மை மிகுந்த பகுதிகளில் கையாளப்பட்ட இந்த முறை, இந்தியாவில் 1955க்குப் பின் ராஜ்கோட், ஓக்லா, நைனி முதலிய இடங்களில் நடைமுறைக்கு வந்தது. காமராஜர் அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் காலத்தில், 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை செயல்படத் தொடங்கியது. அடையாற்றின் தென்கரைப் பக்கமாகச் சுமார் 400 ஏக்கர் பரப்பில் விரிந்த அந்தப் பேட்டைதான், நாட்டின் தொழிற்பேட்டைகளைப் பற்றி எழுதியோர் பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் இடமாயிற்று.

கிண்டியின் வெற்றிக்குக் காரணம் ஷெட்டின் வாடகைச் சலுகையைவிட, ஷெட்டுகள் ஒன்றையொன்று அடுத்து இருந்ததே எனலாம். ஒரு சிறிய பற்சக்கரம் உருவாகும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். வார்ப்படமாக வந்த இரும்பை ஒரு பட்டறை லேத்தில் கடைந்து வட்டமாக்கும். பல் வெட்டும் இயந்திரம் அங்கே இல்லாததால், அது இரண்டு தெரு தள்ளியுள்ள மற்றொரு பட்டறைக்குப் போகும். பல் வெட்டியதைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கெட்டிப்படுத்த மூன்றாவது இடம். சாணை பிடித்து அளவு திருத்த நான்காவது. முலாம் பூச வேண்டுமென்றால் ஐந்தாவது. பிறர் தரும் பொருளில் ஒரே ஒரு வேலையை மட்டும் கூலிக்குச் செய்து கொடுக்கும் இந்த முறையைத் தொழில் வட்டாரத்தில் ‘ஜாப் ஒர்க்’ என்பார்கள். ஒரே லேத் இயந்திரத்தை வைத்திருப்பவரும் பெரிய ஆலையின் உதிரிபாகத் தயாரிப்பில் பங்கு பெற முடிந்தது இந்த அண்மையால்தான். 1955இல் தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், வண்டலூருக்கு அருகில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையும், நகரின் வடக்கிலும் மேற்கிலும் எழுந்த வாகன ஆலைகளும் வாங்குவோராக இருந்தன. பேட்டைக்குள் இடம் கிடைக்காதவர்கள் அதன் விளிம்பிலிருந்த ஈக்காட்டுத்தாங்கலில், வீடுகளுக்கு நடுவே வாடகைக்கு எடுத்த கூடங்களில் பட்டறை போட்டார்கள். அரசு திட்டமிட்டுக் கட்டிய பேட்டைக்கு வெளியே, திட்டமிடாத இன்னொரு பேட்டை இவ்வாறு தானாக வளர்ந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அமைப்புகள் பெருகின. தொழில் துறை நேரடியாக நடத்திவந்த உற்பத்திக் கூடங்களை ஏற்று நடத்த 1965இல் டான்சி என்னும் தமிழ்நாடு சிறுதொழில் கழகமும், தொழிற்பேட்டைகளை அமைக்கவும் மூலப்பொருள் வழங்கவும் 1970இல் சிட்கோ என்னும் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமும் வந்தன. குறிப்பிட்ட சில பொருட்களைச் சிறுதொழிலகங்கள் மட்டுமே செய்யலாம் என்னும் ஒதுக்கீடு 1967இல் 47 பொருட்களோடு தொடங்கி, பின்னர் 800க்கும் மேற்பட்ட பொருட்களுக்கு விரிந்து, படிப்படியாகச் சுருங்கி 2015இல் முற்றிலும் நீங்கியது. அனுமதிக்கும் மானியத்துக்கும் பல அலுவலகங்களுக்கு அலைவதைத் தவிர்க்க, 1978இல் மாவட்டத் தொழில் மையங்கள் ஏற்பட்டன. தாம்பரம் பகுதி அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்திலும், பின்னர் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019 முதல் புதிய செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருந்துவருவதால், நகரை ஒட்டியிருந்தும் அதன் தொழில்முனைவோர் தங்கள் விண்ணப்பங்களோடு நகருக்கு எதிர்த் திசையில் பயணப்பட வேண்டியிருந்தது.

கிண்டி நிரம்பிய பிறகு பேட்டைகள் தெற்கே நகர்ந்தன. கொட்டிவாக்கம்–திருவான்மியூர் எல்லையில் மின்னணுக் கருவிகளுக்கென விக்ரம் சாராபாய் பெயரில் ஒரு பேட்டையும், திருப்போரூர் அருகே ஆலத்தூரில் மருந்துத் தயாரிப்புக்கென ஒன்றும், பல்லாவரத்துக்கு மேற்கே திருமுடிவாக்கத்தில் பொறியியல் தொழில்களுக்கென ஒன்றும் சிட்கோவின் முயற்சியில் எழுந்தன. தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் மத்திய அரசு அமைத்த ஏற்றுமதி வளாகமான மெப்ஸ், சிறுதொழிலுக்கென வந்ததன்று. ஆயினும் சுங்கச் சலுகையோடு ஏற்றுமதிக்காகவே இயங்கிய அதன் ஆலைகள் சுற்றுப்புறத்தில் உணவகம், வாகன வாடகை, உதிரிபாகம் எனப் பல சிறு பிழைப்புகளுக்கு வழி செய்தன.

பழைய தொழில்கள் வேறுவகை உதவியை வேண்டி நின்றன. பல்லாவரம், நாகல்கேணிப் பகுதியின் தோல் பதனிடும் கூடங்கள் வெளியேற்றிய உப்பும் குரோமியமும் நிலத்தடி நீரைக் கெடுத்தபோது, ஒவ்வொரு கூடமும் தனித்தனியே சுத்திகரிப்பு ஆலை கட்டுவது இயலாததாயிற்று. பல கூடங்களின் கழிவுநீரை ஒரே இடத்துக்குக் கொண்டுசென்று சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மத்திய அரசும் மாநில அரசும் தலா கால் பங்குச் செலவை ஏற்கும் திட்டம் 1990களில் வந்தது. தமிழகத் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இத்தகைய பொது நிலையத்தையோ தனிச் சுத்திகரிப்பு வசதியையோ கட்டாயமாக்கியது. பல்லாவரத்துக்கு அருகிலுள்ள அனகாபுத்தூரின் நெசவாளர்கள் ‘மெட்ராஸ் கைக்குட்டை’ எனப்பட்ட கட்டம்போட்ட துணியை நைஜீரியாவுக்காக நெய்துவந்தவர்கள். அந்த நாட்டுச் சந்தை அடைபட்டபோது தறிகள் குறைந்தன. எஞ்சியவர்களில் சிலர் வாழைநார் முதலிய இயற்கை இழைகளுக்கு மாறினர். நூல் மானியத்தாலும் கூட்டுறவுச் சங்கத்தாலும் தறியைக் காக்க முடிந்ததே தவிர, கடல் கடந்த ஒரு சந்தையைத் திருப்பித் தர முடியவில்லை.

1990களுக்குப் பின் கிண்டியின் நிலவிலையே அதன் தொழிலுக்குப் போட்டியாக வந்தது. விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் நடுவே அமைந்த ஒரு ஷெட்டில் லேத் ஓட்டிக் கிடைக்கும் வருமானத்தைவிட, அதே இடத்தை அலுவலகத்துக்கு விட்டால் கிடைக்கும் வாடகை பன்மடங்காயிற்று. மென்பொருள் கட்டடங்களும் விடுதிகளும் பட்டறைகளின் இடத்தைப் பிடித்தன. டான்சியின் கிண்டி நிலம் 1990களின் தொடக்கத்தில் விற்கப்பட்ட விதம் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்காகி, 2003இல் குற்றஞ்சாட்டப்பட்டோரின் விடுதலையோடு முடிந்தது. சிறுதொழிலுக்காக எடுக்கப்பட்ட நிலம் எவ்வளவு பெறுமதியுடையதாகிவிட்டது என்பதை அந்த வழக்கு நாடறியச் செய்தது. பட்டறைகள் திருமுடிவாக்கத்துக்கும் அதற்கு அப்பாலும் பெயர்ந்தபோது, ஒரு பற்சக்கரம் ஐந்து கூடங்களுக்கு நடந்தே போய்வந்த வலைப்பின்னல் அறுந்தது. துல்லியப் பொறியியலுக்கெனத் திருமுடிவாக்கத்தில் அரசு உதவியோடு பொது வசதி மையம் அமைக்க நேர்ந்ததற்கு, அந்த அண்மையை மீண்டும் உருவாக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

சந்தையையும் பணத்தையும் பொறுத்தவரை சட்டங்கள் மிகத் தாமதமாகவே வந்தன. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டுமென்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி செலுத்த வேண்டுமென்றும் விதித்தது. மத்திய அரசுத் துறைகளின் கொள்முதலில் 20 விழுக்காடு குறு, சிறு தொழிலகங்களிடமிருந்து வர வேண்டும் என்று 2012இல் வகுக்கப்பட்ட கொள்கை, 2018இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. ஆயினும் ஒரே பெரிய ஆலையை நம்பியிருக்கும் பட்டறைக்காரர், அந்த ஆலையின் மீதே புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டரை எதிர்பார்க்க முடியாது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது, அதைச் சார்ந்திருந்த சிறு உற்பத்தியாளர்களுக்கு எந்தத் தவணைச் சட்டமும் துணைவர முடியவில்லை.

அரசின் கவனம் பட்டறையிலிருந்து நடைபாதைக்கும் நீண்டது அண்மைக் காலத்தில்தான். பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும், மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையிலும் கடை விரிப்போரை நெடுங்காலம் ஆக்கிரமிப்பாளர் என்றே நிர்வாகம் கருதிவந்தது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தரவும், வியாபாரிகளும் உறுப்பினராக அமரும் நகர விற்பனைக் குழுவை அமைக்கவும் உள்ளாட்சிகளைப் பணித்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூனில் வந்த ஸ்வநிதி திட்டம் பிணையின்றி முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் தந்தது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இன்று பல்லாவரத்தின் தோலும், அனகாபுத்தூரின் தறியும், தாம்பரத்தின் தெருக்கடையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வருகின்றன.

இந்த நூற்றாண்டுக் கதையிலிருந்து தெளியும் தீர்ப்பு ஒன்றுண்டு. கடனும் மானியமும் சிறுதொழிலைத் தொடங்க உதவின; அதை நிலைக்கச் செய்தவை பக்கத்துப் பட்டறையும், தவறாமல் வாங்குபவரும், உரிய நாளில் வந்த பணமும். கிண்டியில் அரசு கட்டிய ஷெட்டுகளில் பல இன்று அலுவலகக் கட்டடங்களாகிவிட்டன. அங்கே தொழில் கற்றவர்கள் போட்ட பட்டறைகள் ஈக்காட்டுத்தாங்கலின் சந்துகளிலும் திருமுடிவாக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.