பூட்டிய வீடும் பூட்டிய கோப்பும்

பாழடைந்த வீட்டைப் பற்றி எழுதுவோர் காலத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வழக்கம். மும்பை மலபார் குன்றிலுள்ள ஜின்னா மாளிகைக்கு அது பொருந்தாது. இறுதிச் சடங்கு நடவாமல் கிடத்தப்பட்ட உடல் போன்றது அவ்வீடு. கொள்ளி வைக்கும் உரிமை யாருக்கு என்பதே அங்கு தீராத வழக்கு.

கிளாட் பேட்லி என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1936-இல் எழுந்த மாளிகை அது. இத்தாலியப் பளிங்கும் வாதுமை மரவேலைப்பாடும் செல்வச் செழிப்பைப் பறைசாற்றின. 1944 செப்டம்பரில் காந்தியும் ஜின்னாவும் இங்குதான் பல நாள்கள் பேசினர், உடன்பாடு எட்டவில்லை. 1946 ஆகஸ்ட் 15 அன்று நேரு இங்கு வந்து ஜின்னாவைச் சந்தித்தார். சரியாக ஓராண்டு கழித்து நாடு இரண்டாகியிருந்தது. துணைக்கண்டத்தின் வரைபடம் கிழிபடும் ஓசையை முதலில் கேட்டவை இச்சுவர்களாகத்தான் இருக்கும்.

1947 ஆகஸ்டில் ஜின்னா கராச்சி சென்றார். மறு ஆண்டு மறைந்தார். ஆனாலும் மாளிகை உடனே பாழாகிவிடவில்லை. பிரிட்டிஷ் துணைத் தூதரகம் 1980களின் தொடக்கம் வரை அங்கு குடியிருந்தது. விளக்கு அணைந்தது அதன் பிறகே. பாகிஸ்தான் அதைத் தன் துணைத் தூதரகத்திற்குக் கேட்டது. இந்திய அரசோ, வெளியேறியோர் சொத்துச் சட்டப்படி அது தன் வசமானது என்றது. 1939-இல் எழுதிய உயிலில் ஜின்னா அவ்வீட்டைத் தங்கை பாத்திமாவுக்கு அளித்திருந்தார். ஒரே மகள் தீனா வாடியாவோ 2007-இல் வாரிசுரிமை கோரி மும்பை உயர் நீதிமன்றத்தை நாடினார். தீர்ப்பைக் காணாமலே 2017-இல் நியூயார்க்கில் காலமானார். மறு ஆண்டு, மாளிகையை வெளியுறவு அமைச்சகத்திடம் ஒப்படைக்கும் நடவடிக்கை தொடங்கியது.

ஆக, அம்மாளிகையைக் கரையானும் கடற்காற்றும் மட்டும் அரிக்கவில்லை. முடிவெடுக்கப்படாத கோப்பும் அரித்தது. பிரிவினை வரலாற்றில் அகதியானோரைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளும் ஒருவகையில் அகதிகளே. அவற்றால் எல்லையைக் கடக்க முடியவில்லை. எல்லைதான் அவற்றின் வாசற்படி வழியே கடந்து சென்றது. பெயர் பெற்ற ஒருவரின் மாளிகைக்கே இந்நிலை என்றால், ஆவணமும் வழக்கறிஞரும் இல்லாத எளியோரின் வீடுகள் எத்தனை சுவடின்றி மறைந்திருக்கும்? பிரிவினையின் சொத்து வரலாறு தொடங்க வேண்டியது அங்கிருந்துதான்.