பவர் சரியாத்தான் இருக்கு... ஆனா ராத்திரியில லைட் ஏன் சிதறுது? மைனஸ் பவர்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய கார்னியா கணக்கு!

மைனஸ் பவர் கண்ணாடி போடும் சிலருக்கு ஒரு குழப்பம் உண்டு. கண் பரிசோதனையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவார்கள். ஆனால் இரவில் வண்டி ஓட்டினால் எதிரே வரும் ஹெட்லைட் நட்சத்திரம் மாதிரி சிதறும், தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பவர் ஏறிடுச்சோ என்று கண்ணாடிக் கடைக்கு ஓடுவார்கள். பவர் மாறியிருக்கலாம், கண் வறட்சியாகவோ கண்புரையாகவோகூட இருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் அடுத்து பார்க்க வேண்டியது கார்னியாவின் வடிவம்.

கார்னியா என்பது கண்ணின் முன்பக்கம் வாட்ச் கிளாஸ் போல மூடியிருக்கும் படலம். நடுவில் அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் கண்ணின் மொத்த சக்தியான சுமார் 60 டயாப்டரில் 43 வரை இதுவே பார்த்துக்கொள்கிறது.

அப்போ கிட்டப்பார்வைக்கு கார்னியாதான் காரணமா?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. கண் பந்து நீண்டுவிடுவதுதான் முக்கியக் காரணம். சராசரி நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் கூடினாலே ஏறக்குறைய மைனஸ் 2.5 முதல் 3 வரை பவர் வந்துவிடும். அதனால் ஒரே மைனஸ் 4 பவர் உள்ள இரண்டு பேரின் கார்னியா ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்லவே முடியாது.

வடிவத்தில் என்ன இருக்கு?

முழு உருண்டை வளைவுள்ள லென்ஸில் ஓரமாக நுழையும் ஒளி, நடுவில் நுழையும் ஒளியைவிட முன்னதாகவே குவிந்துவிடும். இதற்குப் பெயர் கோளப் பிறழ்ச்சி. நம் கார்னியா நடுவில் செங்குத்தாகவும் ஓரம் போகப் போகத் தட்டையாகவும் இருப்பதால் இந்தப் பிழை குறைகிறது. இளம் வயதில் மிச்சத்தில் பெரும்பகுதியை உள்ளே இருக்கும் லென்ஸ் சமன் செய்துவிடும். வயது ஏற ஏற அந்த உதவி குறையும்.

பகல் வெளிச்சத்தில் கண்மணி 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கி ஓர ஒளியைத் தடுத்துவிடுகிறது. இருட்டில் இளைஞர்களுக்கு 6, 7 மில்லிமீட்டர் வரை விரியும். அப்போதுதான் ஓரத்துக் குறைகள் எல்லாம் வெளியே வரும்.

சாதாரணக் கண்ணில் மங்கலுக்குப் பெரும் பங்கு கிட்டப்பார்வை போன்ற குவியப் பிழையும் சிலிண்டர் பவரும்தான். இரண்டையும் கண்ணாடி சரிசெய்துவிடும். கோளப் பிறழ்ச்சியும், ஒளிப்புள்ளிக்கு வால் முளைத்த மாதிரி காட்டும் 'கோமா'வும் கண்ணாடிக்கு அடங்காதவை. இவற்றை அளக்கும் அலைமுகக் கருவி வானியல் தொலைநோக்கிக்காக வந்த தொழில்நுட்பம்! ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் ஜோசப் பில்லே குழுவினர் அதை மனிதக் கண்ணுக்குப் பயன்படுத்தி 1994-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

லேசிக் செய்யப் போறீங்களா?

மைனஸ் பவருக்கான லேசிக், கார்னியாவின் நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்குகிறது. அதாவது இயற்கை வடிவத்தைத் தலைகீழாக்குகிறது. பவர் அதிகமாக இருந்தால் செதுக்குவதும் அதிகம், கோளப் பிறழ்ச்சி கூடும் வாய்ப்பும் அதிகம். புதிய லேசர் முறைகள் இதைக் குறைக்கின்றன, முழுசாக ஒழிப்பதில்லை. சிலருக்கு சிகிச்சைக்குப் பிறகு இரவில் ஒளிவளையம் தெரிவது இதனால்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து கெரடோகோனஸ். கார்னியா மெலிந்து கூம்பு போல முன்தள்ளும் நோய் இது. பெரும்பாலும் டீன் ஏஜில் ஆரம்பிக்கும், கண்ணைக் கசக்கும் பழக்கம் இதை மோசமாக்கும். அடிக்கடி சிலிண்டர் பவர் மாறுவது, கண்ணாடி போட்டும் எழுத்து இரட்டையாகத் தெரிவது முக்கிய அறிகுறிகள். இது இருப்பது தெரியாமல் லேசிக் செய்தால் கார்னியா மேலும் பலவீனமாகிவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் வைட்டமின் பி2 சொட்டும் புற ஊதா ஒளியும் சேர்ந்த சி3ஆர் சிகிச்சையால் பெரும்பாலும் நோய் முற்றுவதைத் தடுக்கலாம். ஏற்கெனவே மாறிய வடிவம் முழுசாகத் திரும்பாது. அதற்கு ஹார்டு கான்டாக்ட் லென்ஸ் கை கொடுக்கும்.

கூம்பு இருக்கிறதா என்று பார்க்க, கார்னியாவின் வளைவை வண்ண வரைபடமாகக் காட்டும் டோபோகிராபி பரிசோதனை இருக்கிறது. வலி கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் நாள்களுக்கு முன்கூட்டியே அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். லென்ஸ் அழுத்தியதில் கார்னியாவின் வடிவம் தற்காலிகமாக மாறியிருந்தால் ரிப்போர்ட்டே தப்பாக வரும்.