பேரிடர்த் தன்னார்வலர்

பேரிடர்த் தன்னார்வலர் என்போர் புயல், வெள்ளம், மண்சரிவு, காட்டுத்தீ ஆகியவற்றுக்குத் தம் ஊரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தி, வெளியுதவி வந்து சேரும்வரை ஊராரைக் காக்கும் உள்ளூர் மக்கள். தமிழ்நாடு அரசு இவர்களை ‘முதல்நிலை மீட்பாளர்கள்’ என்று குறிப்பிடுகிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு வழியாக மலையேறினால் பாச்சலூர். அதையடுத்து கே.சி.பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கொடைக்கானல் கீழ்மலை விரிகிறது. காப்பி, மிளகு, மலைவாழை விளையும் இந்த ஊர்களில் தன்னார்வலரின் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரம் மழையில் சாய்ந்து சாலையை மறித்தால், கீழிருந்து வண்டி வருவதற்குள் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் அரிவாளும் கயிறுமாக வந்து நின்றாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இவ்வழக்கத்தின் வேர் ஏரிக்கரையில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரியைப் பேண ஏரி வாரியம் இருந்ததையும், அதன் உறுப்பினர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் சொல்கின்றன. பிற்காலத்தில் மழைக்கு முன் கரையை உயர்த்துவதும் மதகைச் சீர்செய்வதும் வாய்க்காலைத் தூர்வாருவதும் குடிமராமத்து என்ற பெயரில் ஊர்ப்பொறுப்பாயின. மதராஸ் மாகாணத்துக்கென 1858இல் வந்த முதலாம் சட்டம், வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. கூப்பிடாமலே வந்த கைகளைச் சட்டம் போட்டுக் கூப்பிட வேண்டியதாயிற்று என்றால், ஊருக்கும் ஏரிக்கும் இடையிலிருந்த பிடி அதற்குள் தளர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

கடற்கரையில் கதை வேறு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. 1970இல் வங்கக்கடலின் மறுகரையில் போலா புயலுக்குப் பலியானோர் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்படுகிறது. அந்தப் பேரழிவுக்குப் பின் 1972இல் வங்கதேசத்தில் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டம், ஒலிபெருக்கியும் கொடியும் கொடுத்துத் தன்னார்வலர்களை வீடு வீடாக அனுப்பியது. இன்று அதில் 70,000க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். உலகில் இத்துறையில் நடந்த முயற்சிகளில் மிகப்பெரிய பலன் தந்தது இதுதான் எனலாம்.

தமிழர் நிலத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு மீனவர் ஊரில் நடந்தது. அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்திய அறிவு மையத்தை ஊர்த் தன்னார்வலர்கள் நடத்திவந்தார்கள். அலை எவ்வளவு உயரம் எழும் என்ற தகவலை எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வது அவர்களின் வழக்கமான வேலை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் ஊரை எச்சரித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. 3,500க்கும் மேற்பட்ட ஊர்மக்கள் உயிர் தப்பினார்கள். தினமும் மீன்பிடிக்கப் போகுமுன் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கி என்பதால் அதன் சொல்லை ஊர் நம்பியது. கருவி இருந்ததைவிட இந்தப் பழக்கம் இருந்ததே பெரிது.

சுனாமிக்குப் பிறகு 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாவட்டந்தோறும் ஆணையம் அமைந்தது. 1077 என்ற எண்ணில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையும், 1070இல் மாநில அறையும் இயங்குகின்றன. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பாதிப்புக்குள்ளாகும் இடங்கள் பட்டியலிடப்பட்டு, முதல்நிலை மீட்பாளர்கள் குறிக்கப்படுகிறார்கள். மாநிலமெங்கும் இவர்கள் பல்லாயிரம் பேர். மரம் அறுத்து அகற்றுவோர், கால்நடையைக் காப்போர் எனத் தனித்தனியே ஆள் குறிப்பது நல்ல ஏற்பாடு. மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடும் பெரியவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய ‘ஆப்த மித்ரா’ திட்டம் பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி என்ற அளவுக்கு விரிந்தது. முதலுதவி, மீட்பு, கயிறு கட்டுதல் ஆகியவற்றில் பழக்கி, தலைக்கவசம், கைவிளக்கு அடங்கிய உபகரணப் பையும் தருகிறார்கள். வயது வரம்பு 18 முதல் 40 வரை. தூக்கிச் சுமக்கும் வேலைக்கு அது சரி. ஆனால் எந்த ஓடை எந்த மழைக்குத் தடம் மாறும் என்று அறிந்த அறுபது வயதுப் பளியர் பழங்குடிப் பெரியவர் இந்த வரம்புக்குள் வரமாட்டார். அவரையும் குழுவில் உட்கார வைக்கும் வழி வேண்டும்.

மலையில் ஆபத்துக்கு இரண்டு பருவம். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவு. மாசி, பங்குனியில் தீ. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டி, மாவட்டமெங்கும் சரிவுகள் ஏற்பட்டு 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் உள்நாட்டைக் கடந்து பழனி மலைத்தொடரிலும் மரங்களைச் சாய்த்தது, மண்ணைச் சரித்தது. மலையூரில் சரிவின் முன்குறிகள் கண்ணுக்குத் தெரிபவை: தரையில் புது விரிசல், நேற்றுவரை மூடிய கதவு இன்று இடிப்பது, தெளிந்த ஊற்று கலங்குவது. அடைமழையில் ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் இன்னும் மோசம். மேலே மண் விழுந்து அடைத்திருக்கிறது, உடைத்துக்கொண்டு வரும் என்று பொருள்.

தீப்பருவத்துக்கு முன் சருகைக் கூட்டி, புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். தீ பிடித்துவிட்டால் பச்சைத் தழையால் அடிப்பதும் எதிர்த்தீ வைப்பதும்தான் செங்குத்துச் சரிவில் கைகொடுக்கும் வழிகள். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, காயம்பட்டவர்களைத் தேடி மேலே போனவர்களில் உள்ளூர் மக்களும் இருந்தார்கள்.

கொடைக்கானல் மலையின் பெரியகுளம் பக்கச் சரிவில் உள்ள சின்னூர், பெரியூருக்குச் சாலை இல்லை. நோயாளியை டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். கல்லாற்றில் வெள்ளம் வந்தால் அந்த வழியும் அடைபடும். இக்கரைக்கும் அக்கரைக்கும் கயிறு கட்டி, அதைப் பிடித்தபடி ஆளை ஆள் தாங்கிக் கடக்கிறார்கள். இந்தக் கயிற்றைக் கட்டுபவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். ஆற்றில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறுகிறதா என்று முதலில் இறங்கிப் பார்ப்பவரும் அவர்களில் ஒருவர்தான்.