ரேகைச் சட்டத்திலிருந்து கஞ்சாச் சட்டத்துக்கு

யூஜின் ஜாரெக்கியின் 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' (2012) என்ற அமெரிக்க ஆவணப்படத்தை உத்தமபாளையத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, அது அமெரிக்காவைப் பற்றிய படமாகவே எனக்குத் தோன்றவில்லை. நிக்சன் 1971இல் தொடங்கிவைத்த 'போதைக்கு எதிரான போர்' நாற்பது வருஷத்தில் போதையை ஒழிக்கவில்லை, சிறைகளைக் கறுப்பர்களால் நிரப்பியது என்கிறது படம். அபினிச் சட்டம் சீனர்களையும் கஞ்சாச் சட்டம் மெக்சிகர்களையும் குறிவைத்தே வந்தன என்றும் காட்டுகிறது. சட்டம் பொருளின் பேரைச் சொல்லும், பிடிப்பது ஆளை.

வெளியூர் சோதனையில் "எந்த ஊரு?" என்பார்கள். கம்பம் பக்கம் என்றால் அடுத்த வார்த்தை "பையத் திற". எனக்கும் நடந்திருக்கிறது, பையில் இருந்தவை புத்தகங்கள். ஓர் ஊர்ப்பெயர் எப்படிக் குற்றத்தின் அடைமொழியானது? இதற்கு வரலாறு இருக்கிறது.

1893இல் வெள்ளையர் அரசு கஞ்சாவை விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்தது. 1,193 சாட்சிகளைக் கேட்ட அந்த ஆணையம், முழுத் தடை தேவையும் இல்லை, உசிதமும் இல்லை என்று 1894இல் முடிவு சொன்னது. வரி வருமானம் அரசின் கண்ணில் இருந்தது என்பது வேறு விஷயம். செடியிடம் இவ்வளவு தாராளம் காட்டிய அதே அரசுதான், 1871இல் கொண்டுவந்து 1911இல் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டத்தால் மனிதர்களின் ரேகையை உருட்டியது. இந்தப் பகுதியின் பிறமலைக் கள்ளர்கள் ராத்திரியில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்கவேண்டியிருந்தது. எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. அதன் தர்க்கம் ஒழிந்ததா?

1961 சர்வதேச ஒப்பந்தம் கஞ்சாவை விட்டொழிக்க 25 வருஷம் தவணை கொடுத்திருந்தது. தவணை முடியும் தறுவாயில், 1985இல் போதைப்பொருள் தடைச் சட்டம் வந்தது. செடியின் இலை மட்டுமென்றால் அது கஞ்சா ஆகாது. அதனால்தான் உத்தரப்பிரதேசத்தில் பாங்குக்கு அரசு உரிமக் கடை. பூவென்றால் சிறை. குற்ற மனநிலை இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவர் பாடு (35ஆம் பிரிவு). 20 கிலோவுக்கு மேல் என்றால் ஜாமீனுக்கே, இவர் குற்றவாளியல்ல என்று நீதிபதிக்குத் தோன்றவேண்டும் (37ஆம் பிரிவு). அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொள்ளக்கூடாதென உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஆயிற்று. தமிழ்நாட்டு அரசுக்கு எதிரான தோஃபன் சிங் வழக்கு அது. 1989இல் சேர்த்த அத்தியாயம் உறவினர்களின் சொத்தையும் வளைக்குள் கொண்டுவந்தது. 2022இல் தென்மாவட்டங்களில் உறவினர்களின் வங்கிக் கணக்குகளும் முடக்கப்பட்டன.

முதலில் சந்தேகம், பிறகு நிரூபணம். ஒருவருக்காகக் குடும்பமே பொறுப்பு. இது ரேகைச் சட்டத்தின் இலக்கணம்தானே? கஞ்சாவை ஒரு சாதியோடு முடிச்சுப் போடுவதல்ல என் நோக்கம். அந்த முடிச்சைப் போடுவது அதிகாரத்தின் சொல்லாடல்.

சாதித்தது என்ன? வருசநாட்டு மலைச்சரிவுகளில் களவாக விளைந்தது ஒழிந்தது என்கிறது போலீஸ். அதே போலீஸ்தான், சரக்கு ஆந்திர - ஒடிசா எல்லையிலிருந்து வருகிறது என்றும் சொல்கிறது. செடி இடம் மாறியது, அவ்வளவுதான். வழக்கில் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் கூலிக்குச் சுமக்கிறவர்கள். முதல் போட்டவன் சோதனைச்சாவடிப் பக்கம் வருவதேயில்லை.

பள்ளிக்கூடப் பையன்கள் கையில் பொட்டலம் இருப்பது பொய்யல்ல. அவர்களுடைய தாய்மாரின் கண்ணீரைக் கோட்பாடு பேசித் துடைத்துவிட முடியாது. ஆனால் அந்தப் பையனுக்கு வேண்டியது வைத்தியம். சட்டம் அவன் பேரை ஏட்டில் எழுதுகிறது.

ஏப்ரல் 3 வந்தால் பெருங்காமநல்லூர் நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறோம், தோழர்களே. 2022இல் சொந்தக்காரர்களின் கணக்கை முடக்கியபோது நம்மில் பலர் கைதட்டினோம். இரண்டையும் ஒரே கையால்தான் செய்தோம்.