டூலாலி: ஒரு முகாம் தந்த சொல்

கிறுக்குப் பிடித்தவரைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் ‘டூலாலி’ என்ற கொச்சைச்சொல், நாசிக் அருகிலுள்ள தேவ்லாலி என்ற ஊர்ப்பெயரின் திரிபு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பிரிட்டிஷ் ராணுவ முகாம் இருந்தது. பணிக்காலம் முடிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊர் திரும்பக் கப்பலுக்காக அங்கேதான் காத்துக் கிடந்தார்கள். துருப்புக் கப்பல்கள் ஓடியது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். பருவம் தப்பி வந்தவருக்கு மாதக்கணக்கில் வெயில், வேலையின்மை, குடி, காய்ச்சல். சிலருக்குப் புத்தி பேதலித்ததில் வியப்பில்லை. அந்த நிலைக்குச் சிப்பாய்கள் இட்ட பெயர் ‘டூலாலி டாப்’. பின்னொட்டு, காய்ச்சலைக் குறிக்கும் இந்துஸ்தானி ‘தாப்’. தமிழின் ‘தாப’மும் அதே வடமொழி வேரிலிருந்து வந்ததே. 20-ஆம் நூற்றாண்டில் ‘டாப்’ உதிர்ந்தது. நோயின் கடுமையும் கரைந்து, சொல் வெறும் கேலியாயிற்று. தேவ்லாலியில் இன்று இந்திய ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளி இயங்குகிறது.