துருக்கிய விசைப்பலகை

துருக்கிய விசைப்பலகை என்பது துருக்கி மொழியைக் கணினியிலும் தட்டச்சுப் பொறியிலும் உள்ளிடப் பயன்படும் விசை அமைப்பு ஆகும். இதில் கியூ விசைப்பலகை, எஃப் விசைப்பலகை என இரு வகைகள் உள்ளன. மேல் வரிசையின் முதல் எழுத்தைக் கொண்டு இப்பெயர்கள் அமைந்தன.

வரலாறு

1928 ஆம் ஆண்டு துருக்கி அரபு எழுத்துமுறையைக் கைவிட்டு, இலத்தீன் எழுத்தை அடிப்படையாகக் கொண்ட 29 எழுத்துகளை ஏற்றது. ஆங்கிலத்தின் கியூ, டபிள்யூ, எக்ஸ் ஆகியவை இவற்றில் இல்லை. இக்சான் சித்கி யெனரின் முயற்சியால் உருவான எஃப் விசைப்பலகை 1955 இல் சீர்தர அமைப்பாக ஏற்கப்பட்டது. துருக்கி மொழியில் எழுத்துகள் வரும் அளவை ஆராய்ந்து வடிவமைக்கப்பட்டதால், இதன் நடு வரிசையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. எனினும் கணினிகளின் வருகைக்குப் பின், ஆங்கில அமைப்பைத் தழுவிய கியூ விசைப்பலகையே பரவலானது.

இரண்டு ஐ எழுத்துகள்

துருக்கி மொழியில் புள்ளியுள்ள ஐ, புள்ளியற்ற ஐ ஆகியவை வெவ்வேறு எழுத்துகள். 'எல்லை' என்று பொருள்படும் சொல்லும் 'நரம்பு' என்று பொருள்படும் சொல்லும் இப்புள்ளியால் மட்டுமே வேறுபடுகின்றன. பெரிய எழுத்தாக மாற்றும்போதும் புள்ளி மறைவதில்லை. ஒருங்குறியில் புள்ளியுள்ள பெரிய ஐக்கு 0130 என்ற பதினறும எண்ணும், புள்ளியற்ற சிறிய ஐக்கு 0131 என்ற எண்ணும் உள்ளன. மற்ற இரண்டும் ஆங்கில எழுத்துகளின் குறியீட்டையே பயன்படுத்துகின்றன. ஆங்கில விதிப்படி மட்டும் எழுத்தை மாற்றும் மென்பொருள்கள் துருக்கி மொழி அமைப்பில் பிழையாக இயங்குவதற்கு இதுவே காரணம்.

கணினியில் அமைத்தல்

விசையை அழுத்தும்போது விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. விசையின் இடத்தைக் குறிக்கும் எண்ணையே அனுப்புகிறது. அதனை எழுத்தாக மாற்றுவது இயங்குதளம். ஆகவே துருக்கி மொழியில் எழுதப் புதிய விசைப்பலகை வாங்க வேண்டியதில்லை.

* விண்டோசு: அமைப்புகளில் 'நேரமும் மொழியும்' பகுதியில் துருக்கி மொழியைச் சேர்த்து, அதன் தெரிவுகளில் கியூ அல்லது எஃப் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோசு விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.
* லினக்சு: குநோம் பணிச்சூழலில் விசைப்பலகை அமைப்பின் உள்ளீட்டு மூலங்களில் துருக்கி மொழியைச் சேர்க்கலாம்.
* மாக்: விசைப்பலகை அமைப்பின் உள்ளீட்டு மூலங்களில் இவ்விரு வகைகளும் கிடைக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

அமைப்பை மாற்றினாலும் விசைகளின் மேல் அச்சிட்ட எழுத்துகள் மாறா. கியூ வகையில், ஆங்கிலத்தில் ஐ எழுத்து உள்ள இடத்தில் புள்ளியற்ற ஐயும், ஒற்றை மேற்கோள் குறியின் இடத்தில் புள்ளியுள்ள ஐயும் அமைந்துள்ளன. மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறியை வலப்பக்க ஆல்ட் விசையையும் கியூ விசையையும் சேர்த்து அழுத்திப் பெறலாம்.

கடவுச்சொல்லில் எழுத்துகள் மறைக்கப்படுவதால் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. சரியான கடவுச்சொல்லை அறிந்தவரும், விசை அமைப்பு மாறியிருந்தால் கணினிக்குள் நுழைய இயலாது போகலாம். நுழைவுத் திரையில் காட்டப்படும் மொழிக் குறியை முதலில் பார்ப்பதும், ஐயம் எழுந்தால் திரை விசைப்பலகையைத் திறந்து எழுத்துகளின் இடத்தை அறிவதும் இதற்குத் தீர்வாகும்.